உபரி ராணுவத் துப்பாக்கிகள்: சேகரிப்பும் புதுப்பிப்பும்

உபரி ராணுவத் துப்பாக்கிச் சேகரிப்பு என்பது படைகள் கழித்துவிட்ட பழைய ரைபிள்களை வாங்கி, துடைத்து, பழுது நீக்கி, அவற்றின் வரலாற்றைத் தேடி அறிந்து வைத்துக்கொள்ளும் பொழுதுபோக்கு. அமெரிக்காவில் இது மிகப் பரவலாக உள்ளது. கனடா, பிரிட்டன், பின்லாந்து, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளிலும் அந்தந்த நாட்டு உரிமச் சட்டங்களுக்கு உட்பட்டு நடக்கிறது. ரஷ்யாவின் மோசின்-நாகாந்த், ஜெர்மனியின் மௌசர் 98கே, பிரிட்டனின் லீ-என்ஃபீல்டு, ஜப்பானின் அரிசாகா, அமெரிக்காவின் எம்1 கராண்ட் ஆகியவை சேகரிப்பாளர்கள் அதிகம் தேடும் துப்பாக்கிகள்.

இதை நாணயச் சேகரிப்போடு ஒப்பிடுவது வழக்கம். அந்த ஒப்பீடு பாதிதான் பொருந்தும். பழைய நாணயத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் அதன் மதிப்பு போய்விடும் என்பது சேகரிக்கத் தொடங்கிய முதல் வாரத்திலேயே எவருக்கும் தெரிந்துவிடுகிறது. துப்பாக்கியில் நிலைமை வேறு. அது இயங்கவேண்டிய கருவி. துரு பிடிக்கும், மரம் வெடிக்கும், உறுப்புகள் தேயும். ஆகவே புதுப்பிப்பு என்பது சேகரிப்பின் சரிபாதியாகவே ஆகிவிட்டது. எந்தக் காலத்துக்குப் புதுப்பிப்பது என்ற கேள்வி அங்கேதான் எழுகிறது. ஆலையை விட்டு வெளிவந்த நாளுக்கா, போர்முனையில் இருந்த நாளுக்கா, எதிரியிடம் பிடிபட்ட நாளுக்கா, கிடங்கில் கிரீஸ் பூசிக் கட்டிவைத்த நாளுக்கா? பெரும்பாலானோர் யோசிக்காமலேயே முதல் விடையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த விடைதான் சந்தையில் அதிக விலை பெறுகிறது. பிறந்த நாளின் தோற்றத்தைத் திரும்பக் கொடுப்பதற்காக அதன்பின் நிகழ்ந்த எல்லாவற்றையும் துடைத்தெறிவது இந்தப் பொழுதுபோக்கின் மையமான பிழை. இதன் மிகச்சிறந்த திறமைகளும் அந்தப் பிழையோடு சேர்ந்தே வளர்ந்திருக்கின்றன.

உபரியின் காலம்

இரண்டாம் உலகப்போருக்குப் பின் பெரும்பாலான படைகள் கையால் போல்ட்டை இழுத்துத் தள்ளிச் சுடும் ரைபிள்களைக் கைவிட்டுத் தானியங்கிகளுக்கு மாறின. லட்சக்கணக்கான பழைய ரைபிள்கள் விலைக்கு வந்தன. சாமுவேல் கம்மிங்ஸ் போன்ற வணிகர்கள் அவற்றை நாடுநாடாகச் சென்று மொத்தமாக வாங்கினர். அவருடைய இண்டர்ஆர்ம்கோ நிறுவனத்தின் கிடங்குகள் வர்ஜீனியா மாநிலத்து அலெக்சாண்ட்ரியாவில் பொட்டோமாக் நதிக்கரையில் இருந்தன. பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்துத் தபாலில் பணம் அனுப்பினால் துப்பாக்கி வீட்டுக்கு வந்துவிடும் காலம் அது. 1963இல் ஜான் கென்னடியைக் கொன்ற இத்தாலிய கார்கானோ ரைபிள் அப்படித்தான் வாங்கப்பட்டது. தொலைநோக்கியோடு சேர்த்து அதன் விலை 19 டாலர் 95 சென்ட். 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் தபால் விற்பனையையும் ராணுவ உபரி இறக்குமதியையும் நிறுத்தியது. 1984இல் வந்த திருத்தம் சேகரிப்புக்குரிய பழைய ஆயுதங்களுக்கு மட்டும் மீண்டும் வழி திறந்தது. 50 ஆண்டு கடந்த துப்பாக்கி இந்த வகைக்குள் வரும்.

சோவியத் ஒன்றியம் உடைந்தபின் ரஷ்ய, உக்ரைன் கிடங்குகளிலிருந்து மோசின்-நாகாந்த் வெள்ளம்போல் வந்தது. 2000களில் அமெரிக்காவில் ஒன்றை நூறு டாலருக்கும் குறைவாக வாங்க முடிந்தது. இருபது ரைபிள்கள் அடுக்கிய மரப்பெட்டியாகவே வாங்கியவர்களும் உண்டு. விலை மலிந்த காலத்தில் அவற்றின் மரத்தை வெட்டினார்கள், சாயம் பூசினார்கள், வேட்டைத் துப்பாக்கியாக மாற்றினார்கள். விலை ஏறியபின் அதே ரைபிள் பாரம்பரியச் சொத்தாகிவிட்டது. வரலாற்றுணர்வு விலைப்பட்டியலுக்குப் பின்னால்தான் வந்து சேர்ந்தது என்பதைச் சேகரிப்பாளர்கள் அதிகம் ஒப்புக்கொள்வதில்லை.

கைவேலை

இந்தப் பொழுதுபோக்கில் ஐயமின்றிப் பாராட்டத்தக்கது அதன் கைவேலை அறிவு. கிடங்கிலிருந்து வரும் ரைபிள் தேன்நிறக் கிரீஸில் மூழ்கியிருக்கும். எஃகின் மேல் உள்ள கிரீஸ் மண்ணெண்ணெயில் கரைந்துவிடும். மரத்துக்குள் ஊறியது எளிதில் வெளிவராது. கட்டையைக் கறுப்பு பிளாஸ்டிக் உறையில் சுற்றி வெயிலில் வைத்தால் கிரீஸ் வியர்வைபோலக் கசியும். துடைத்துத் துடைத்துப் பல நாள் செய்யவேண்டும். அவசரப்பட்டவரின் துப்பாக்கி சுட்டுச் சூடேறியதும் கன்னத்தில் கிரீஸை அப்பிவிடும்.

பழைய ராணுவத் தோட்டாக்களின் எரியூட்டியில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது எரிந்தபின் குழலுக்குள் பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பு படியும். உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும். சில நாட்களில் குழல் துருப்பிடிக்கும். இந்த உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். விலையுயர்ந்த எண்ணெய்களை வாங்கித் தடவியவர்களின் குழல்கள் கெட்டன. பழைய பிரிட்டிஷ் சிப்பாயைப்போலப் புனல் வைத்துக் கொதிநீரை ஊற்றியவர்களின் குழல்கள் பிழைத்தன. இது ஏட்டிலிருந்து வந்த அறிவல்ல, கெடுத்துக் கற்றது.

துரு விஷயத்திலும் நல்ல முறை ஒன்று உண்டு. துருப்பிடித்த உறுப்பைச் சுத்தமான நீரில் கொதிக்க வைத்தால் செந்துரு கறுப்பு இரும்பு ஆக்சைடாக மாறும். பின் நுண்ணிய எஃகு நாரால் தளர்ந்த துகளை மட்டும் துடைத்தெடுக்கலாம். உலோகம் தேயாது, அதில் குத்திய எண்களும் முத்திரைகளும் அப்படியே நிற்கும். மரத்தில் விழுந்த பள்ளத்தின்மேல் ஈரத்துணியை விரித்து இஸ்திரிப் பெட்டியை வைத்தால் நசுங்கிய நார்கள் ஊதி எழும். இவை எல்லாம் பொருளிலிருந்து எதையும் எடுக்காமல் செய்யும் வேலைகள். உப்புத்தாள் வந்ததும் கதை மாறுகிறது.

சோவியத் கிடங்குகளில் செப்பனிடப்பட்ட மோசின்களின் மரத்தில் செம்மஞ்சள் நிறத்தில் அரக்குப் பூச்சு இருக்கும். பாண்டவர்களுக்குக் கட்டிய மாளிகையில் சொல்லப்படும் அதே அரக்குதான். வாங்குபவர்களில் பலருக்கு அது மலிவான, அழகில்லாத பூச்சாகத் தோன்றுகிறது. சாராயத்தால் கரைத்து, உப்புத்தாளால் தேய்த்து, ஆளிவிதை எண்ணெய் ஏற்றினால் மரத்தின் வரிகள் அழகாகத் தெரிகின்றன. அந்தத் தேய்ப்பில் ஆலை முத்திரை, சோதனையாளர் முத்திரை, செப்பனிட்ட கிடங்கின் கட்டமிட்ட குறி எல்லாம் போய்விடுகின்றன. தமிழகத்துக் கோயில் திருப்பணிகளில் தூணைப் புதிதாகக் காட்ட மணல்வீச்சு நடத்திக் கல்வெட்டைத் தேய்த்த கதைதான் இது. செய்தவர்கள் பகைவர்கள் அல்லர், பற்றுள்ளவர்கள் என்பது இரண்டு இடத்திலும் உண்மை. இணையக் காணொளிகளில் துருப்பிடித்த துப்பாக்கி பத்து நிமிடத்தில் கண்ணாடிபோல் ஆவது பார்க்க இன்பமானது. பழைய உலோகத்தில் ஒரு படலம் முழுவதும் தூளாகிக் கீழே கொட்டுவதைத்தான் அந்தக் காணொளி காட்டுகிறது.

அரைக்கப்பட்ட மலர்

ஜப்பானிய அரிசாகா ரைபிள்களின் மேற்புறத்தில் பதினாறு இதழ் கொண்ட சாமந்தி மலர் பொறிக்கப்பட்டிருந்தது. அது பேரரசரின் சின்னம். துப்பாக்கி அவருடைய சொத்து என்று பொருள். 1945இல் ஜப்பான் சரணடைந்தபோது ஒப்படைக்கப்பட்ட துப்பாக்கிகள் பெரும்பாலானவற்றில் இந்த மலர் அரத்தாலும் சாணைக்கல்லாலும் அரைக்கப்பட்டது. மலர் முழுதாக இருக்கும் துப்பாக்கி பெரும்பாலும் போர் நடந்துகொண்டிருக்கும்போதே களத்தில் பிடிபட்டது என்று கொள்ளப்படுகிறது. ஆகவே அதற்கு விலை அதிகம். இந்த விலை வேறுபாட்டால் அரைத்த இடத்தில் மலரை மீண்டும் செதுக்கும் வேலை தோன்றியது.

அரைத்த தழும்பு குறைபாடு அல்ல. ஒரு பேரரசு தன் கையால் தன் பெயரை அழித்துக்கொண்ட செயலின் தடம் அது. அந்தத் துப்பாக்கியில் வேறெதுவும் அந்த நிகழ்வை அவ்வளவு நேராகச் சொல்வதில்லை. மலரை மறுபடி செதுக்குபவர் 1945ஐ இல்லாமல் ஆக்குகிறார். பார்ப்பதற்கு அவர் செதுக்கிய மலர் நன்றாகவே இருக்கலாம். வேலைப்பாடு நன்றாக இருக்க இருக்க பொய்யும் உறுதியாகிறது.

அரிசாகாக்களில் இன்னொரு தடம் உண்டு. அமெரிக்கச் சிப்பாய்கள் ஊருக்குக் கொண்டுசெல்லும்போது துணிப்பைக்குள் அடங்குவதற்காக முன்மரத்தை, பட்டைக்குள் மறையும் இடமாகப் பார்த்து, இரண்டாக அறுத்தார்கள். மீண்டும் பூட்டினால் வெட்டு வெளியே தெரியாது. இந்த வெட்டைப் பசைபோட்டு ஒட்டி மறைப்பதா, அப்படியே விடுவதா என்பதில் சேகரிப்பாளர்கள் இரு தரப்பு. அப்படியே விடலாம் என்பவர்கள் சொல்வதுதான் சரி. இருபது வயதுப் பையன் ஒருவன் கப்பலுக்குப் போகும் அவசரத்தில் போட்ட ரம்ப வெட்டு அது.

ஜெர்மன் மௌசரில் இதே சிக்கல் இன்னும் கூர்மையாக வருகிறது. கிழக்குப் போர்முனையில் சோவியத் படை பெரும் எண்ணிக்கையில் மௌசர் 98கே ரைபிள்களைப் பிடித்தது. போருக்குப் பின் அவற்றைப் பிரித்து, மொத்தமாகக் கறுப்பேற்றி, கைக்கு வந்த உறுப்புகளைச் சேர்த்துப் பூட்டி, உடலின் எண்ணைப் போல்ட்டிலும் பிற உறுப்புகளிலும் மின்பேனாவால் கிறுக்கி, அரக்குப் பூசிக் கிடங்கில் வைத்தது. பலவற்றில் ஸ்வஸ்திகா தாங்கிய கழுகு முத்திரை அடித்து நசுக்கப்பட்டது. உடலின் பக்கவாட்டில் ஒரு எக்ஸ் குறியும் குத்தப்பட்டது. அரை நூற்றாண்டுக்குப் பின் இவை அமெரிக்கச் சந்தைக்கு வந்தபோது மற்ற 98கேக்களைவிட மிகக் குறைந்த விலைக்குப் போயின. எல்லா உறுப்பிலும் ஒரே எண் கொண்ட, கழுகு முழுதாக உள்ள ஜெர்மன் ரைபிளின் விலை பல மடங்கு.

ஆகவே எக்ஸ் குறியை அரைத்து, மின்பேனா எண்களைத் தேய்த்து, ஜெர்மன் எழுத்துருவில் புது எண் குத்தி, கழுகையும் பதித்து விற்கும் போலிகள் வருகின்றன. நேர்மையான சேகரிப்பாளர்கள் இதை மோசடி என்றே கண்டிக்கிறார்கள். ஆனால் அவர்கள் வாங்குபவரின் பணம் போவதைப்பற்றி மட்டுமே பேசுகிறார்கள். போலி செய்தவர் வாங்கியவரை ஏமாற்றினார் என்பது ஒரு குற்றம். பிடித்தவனின் குறியை அழித்துத் தோற்றவனின் சின்னத்தை மறுபடி குத்தினார் என்பது இன்னொன்று. இரண்டாவதற்கு இந்தத் துறையின் அகராதியில் சொல் இல்லை. நசுக்கிய ஸ்வஸ்திகாவைவிட முழு ஸ்வஸ்திகாவுக்கு அதிகம் கொடுக்கும் சந்தையில் போலி செய்பவர் மட்டும் தனித்த குற்றவாளி அல்லர்.

இதற்கு எதிர்முனையில் நிற்பவை இஸ்ரேலிய மௌசர்கள். 1948ஆம் ஆண்டுப் போரின்போது இஸ்ரேல் செக்கோஸ்லோவாகியாவிலிருந்து 98கே ரைபிள்களை வாங்கியது. அவற்றில் சில ஜெர்மன் ஆக்கிரமிப்புக் காலத்தில் செய்யப்பட்டவை. பின்னர் இஸ்ரேல் பலவற்றின் குழலை மாற்றி 7.62 மி.மீ. நேட்டோ தோட்டாவுக்கு ஏற்பச் செய்தது. சிலவற்றில் நாஜி ஆய்வு முத்திரையும் தாவீதின் நட்சத்திரமும் ஒரே எஃகில் சில அங்குல இடைவெளியில் நிற்கின்றன. இந்தத் துப்பாக்கியை எந்த ஆண்டுக்குப் புதுப்பிப்பது? ஒன்றை மீட்க இன்னொன்றை அழித்தே ஆகவேண்டும். நல்ல சேகரிப்பாளர்கள் இதைத் தொடுவதில்லை. எண்ணெய் தடவி வைக்கிறார்கள். அரிசாகாவிலும் பிடிபட்ட மௌசரிலும் வராத தயக்கம் இங்கே வருவதற்குக் காரணம் இதில் அடுக்குகள் வெறும் கண்ணுக்கே தெரிகின்றன என்பதுதான்.

சரியான கராண்ட்

அமெரிக்காவின் எம்1 கராண்ட் 1936இல் படையில் ஏற்கப்பட்டது. 1950கள் வரை ஏறத்தாழ 54 லட்சம் செய்யப்பட்டன. இதன் ஒவ்வொரு முக்கிய உறுப்பிலும் வரைபட எண்ணும் திருத்த எண்ணும் குத்தப்பட்டிருக்கும். உடலின் வரிசை எண்ணைக் கொண்டு அது எந்த மாதம் செய்யப்பட்டது என்று சொல்ல முடியும்; அந்த மாதத்தில் எந்தத் திருத்த எண் கொண்ட உறுப்பு பூட்டப்பட்டிருக்கும் என்றும் சேகரிப்பாளர்கள் கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள். வியக்கத்தக்க உழைப்பு அது. பல்கலைக்கழக ஆய்வாளர் எவரும் செய்யாத அட்டவணைகளை ஓய்வு நேரத்தில் பொறுமையாகச் செய்தவர்கள் இவர்கள்.

அந்த அறிவு என்ன செய்யப் பயன்படுகிறது என்பதில்தான் வருத்தம். அமெரிக்கப் படை கராண்டுகளை உலகப்போருக்குப் பின்னும் கொரியப் போரையொட்டியும் மொத்தமாகச் செப்பனிட்டது. எல்லாவற்றையும் பிரித்து உறுப்புகளைத் தொட்டிகளில் கொட்டி, சோதித்து, எந்த ஆலையின் உறுப்பு என்று பாராமல் பூட்டினார்கள். டெக்சஸின் ரெட் ரிவர் போன்ற படைக்கலச் சாலைகள் மரத்தில் தங்கள் முத்திரையைக் குத்தின. ஆகவே படையில் உண்மையில் இருந்த கராண்ட் என்பது பெரும்பாலும் கலப்புத் துப்பாக்கிதான். 1943இன் உடலில் 1950களின் குழலும், ஸ்பிரிங்ஃபீல்டு உடலில் வின்செஸ்டர் போல்ட்டும் இருப்பதே அதன் பணிவரலாறு. சேகரிப்பாளர் இதைக் கழற்றி, அட்டவணைப்படி உறுப்புகளைத் தேடி வாங்கிப் பூட்டி, "சரியான" துப்பாக்கி என்று பெயர் வைக்கிறார். பழைய கராண்டுகளைப் பொதுமக்களுக்கு விற்றுவரும் குடிமக்கள் குறிசுடும் திட்டமும் தன் தரவரிசையில் இந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறது.

சரியான கராண்ட் என்று சொல்லப்படும் பொருள் இதற்குமுன் ஒருபோதும் இருந்ததில்லை. அதன் உறுப்புகள் ஒவ்வொன்றும் உண்மையானவை. சேர்க்கை மட்டும் சென்ற ஆண்டு நடந்தது. பாடபேதங்களை எல்லாம் நீக்கிவிட்டு மூலபாடம் என்று ஒன்றைத் தாமே எழுதி அச்சிடும் பதிப்பாசிரியரின் வேலை இது. சுவடியில் இல்லாத அழகு அதில் இருக்கும்.

இதில் உடலுக்கு ஆபத்தும் உண்டு. போல்ட்டின் முகத்துக்கும் தோட்டா அமரும் இடத்துக்கும் இடையே இருக்கவேண்டிய அளவு மிக நுண்ணியது. லீ-என்ஃபீல்டு நாலாம் எண் ரைபிளுக்கு 0 முதல் 3 வரை எண்ணிட்ட நான்கு அளவுப் போல்ட் தலைகளைப் படை வைத்திருந்ததே இந்த இடைவெளியைச் சரிக்கட்டத்தான். எண் பொருந்துகிறது, ஆண்டு பொருந்துகிறது என்று போல்ட்டை மாற்றிவிட்டு அளவுகோல் வைத்துப் பார்க்காமல் சுட்டால் பித்தளை உறை கிழிந்து எரிவாயு முகத்தில் அடிக்கலாம். படைக்கல மிஸ்திரி பொருத்திய கலப்பு உறுப்பு அட்டவணைக்குப் பொருந்தாது, துப்பாக்கிக்குப் பொருந்தும்.

பின்லாந்துக்காரர்களிடம் இந்தக் குழப்பம் குறைவு. ரஷ்யப் பேரரசிலிருந்து பிரிந்தபோது கிடைத்ததும் பிறகு சோவியத் படையிடமிருந்து பிடித்ததுமான மோசின்களை அவர்கள் அறுத்து, ஒட்டி, புதுக் குழல் பூட்டி, கட்டத்துக்குள் எஸ்ஏ என்ற தங்கள் படை முத்திரையைக் குத்திப் பயன்படுத்திக்கொண்டே இருந்தார்கள். 1980களில் அவர்கள் உருவாக்கிய தொலைநோக்கி ரைபிள்கூடப் பழைய மோசின் உடல்கள்மேல் கட்டப்பட்டதுதான். பின்லாந்து மோசினைச் சேகரிப்பவர் ரஷ்ய முத்திரையையும் ஒட்டுமரத்தையும் எஸ்ஏ குறியையும் ஒன்றாகவே விரும்புகிறார். மூலத்தை மீட்கிறேன் என்று எவரும் அதைத் திரும்ப ரஷ்யத் துப்பாக்கியாக்குவதில்லை. அந்த வகைத் துப்பாக்கிக்குத் தரவேண்டிய மரியாதை பிடிபட்ட மௌசருக்கு மட்டும் ஏன் இல்லை என்பதற்கு, ஜெர்மன் கழுகின் கவர்ச்சியைத் தவிர வேறு விடை இல்லை.

பெயர் இல்லாதவர்

கதையை வாங்காதே, துப்பாக்கியை வாங்கு என்பது இந்தத் துறையில் அடிக்கடி சொல்லப்படும் எச்சரிக்கை. மரத்தில் சில கீறல்கள் இருந்தால் அத்தனை பேரைக் கொன்ற கணக்கு என்று கதை கட்டும் விற்பனையாளர்கள் இருப்பதால் எச்சரிக்கை நியாயமானது. ஆனால் காலப்போக்கில் அது வேறு விளைவையும் தந்திருக்கிறது. கதையை ஒதுக்கப் பழகியவர்கள் மனிதரையும் சேர்த்து ஒதுக்கிவிட்டார்கள். சேகரிப்பாளர்கள் ஒரு ரைபிளைப்பற்றி எழுதுவதைப் படித்தால் குழலின் உட்புற வரிகள் கூர்மையா, கறுப்புப் படலம் எத்தனை விழுக்காடு, முத்திரை தெளிவா என்ற விவரங்கள் நிறைந்திருக்கும். அது யாரைச் சுடச் செய்யப்பட்டது, தூக்கிச் சென்றவன் என்ன ஆனான் என்ற நினைப்பு இராது.

விதிவிலக்காக ஒரு காகிதம் உண்டு. போர்ப் பரிசாகத் துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டுசெல்ல அமெரிக்கச் சிப்பாய்க்குப் படை வழங்கிய அனுமதிச் சீட்டு. அந்தச் சீட்டோடு சேர்ந்த அரிசாகாவுக்குத் தனி மதிப்பு. சீட்டில் அமெரிக்கரின் பெயரும் படைப்பிரிவும் இருக்கும். துப்பாக்கியில் ஜப்பானியரின் பெயர் இருக்காது. வரிசை எண்ணும் ஆலைக் குறியும்தான். கொண்டுவந்தவரைப்பற்றித் தேடி எழுதுகிறார்கள், அது நல்ல வேலை. அவருக்கு முன் அதைக் கையில் வைத்திருந்தவர் பெரும்பாலும் இறந்ததால்தான் அது கைமாறியது என்பது ஒரு வரியாகக்கூட வருவதில்லை.

இஷாப்பூர் துப்பாக்கிகள்

லீ-என்ஃபீல்டைத் தமிழர்கள் "திரீ நாட் திரீ" என்று அறிவார்கள். காவலர் தோளில் பல பத்தாண்டுகள் தொங்கிய துப்பாக்கி அது. இந்தியாவில் இது கொல்கத்தாவை அடுத்த இஷாப்பூர் ஆலையில் செய்யப்பட்டது. 1962ஆம் ஆண்டுச் சீனப்போரை ஒட்டி அதே ஆலை இதை 7.62 மி.மீ. தோட்டாவுக்கு மாற்றி 2ஏ, 2ஏ1 வடிவங்களைச் செய்தது. இந்தியாவில் .303 தடைசெய்யப்பட்ட விட்டம். பொதுமக்கள் வைத்துக்கொள்ள முடியாது. உரிமம் பெற்றவருக்காக .315 என்ற வேறு விட்டத்தில் அரசு ஆலைகள் ரைபிள் செய்கின்றன. ஆகவே இந்தப் பொழுதுபோக்கு இங்கே கிட்டத்தட்ட இல்லை. இஷாப்பூர் துப்பாக்கிகளைப் படிப்பவர்களும் பழுது பார்ப்பவர்களும் அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்கிறார்கள்.

அவர்களில் சிலர் நன்றாகவே படித்திருக்கிறார்கள். முன்மரத்தில் குறுக்கே ஓடும் வலுவூட்டும் திருகைக் கண்டு "இஷாப்பூர் திருகு" என்று பெயரிட்டதும், கையெறி குண்டைக் கிண்ணத்தில் வைத்து ஏவுவதற்காக முன்மரத்தைச் சுற்றிச் செம்புக் கம்பி வரிந்த துப்பாக்கிகளைத் தனி வகையாக மதித்ததும் அவர்கள்தான். மறுபக்கம், 2ஏ1 துப்பாக்கிகளின் குழலைக் குட்டையாக வெட்டிக் காட்டுப்போர் கார்பைன் என்றும் டாங்கிப் படையின் கார்பைன் என்றும் பெயர்சூட்டி விற்ற இறக்குமதியாளர்களும் இருந்தார்கள். இந்தியப் படை வழங்கிய வடிவம் அல்ல அது, வணிகம் வெட்டிய வடிவம். இன்று அதை வைத்திருப்பவர்களில் சிலர் மீண்டும் நீளக் குழல் தேடுகிறார்கள். இந்த மீட்பில் குறைசொல்ல அதிகம் இல்லை. வெட்டிய உறுப்புகளைத் தூக்கி எறியாமல் பெட்டியில் வைத்திருந்தால் போதும்.

.410 மஸ்கட் அப்படிப்பட்டது அல்ல. இஷாப்பூரில் லீ-என்ஃபீல்டின் வரிக்குழலைக் குடைந்து வழவழப்பாக்கி, .410 விட்டத்தில், ஒவ்வொரு தோட்டாவாகக் கையால் இட்டுச் சுடும் துப்பாக்கியாக மாற்றினார்கள். தோட்டாப் பெட்டிக்குள் ஒரு மரத்துண்டை அடைத்தார்கள். இந்தியக் காவலருக்கும் சிறைக் காவலருக்கும் கொடுக்கப்பட்டவை இவை. 1857க்குப் பின் இந்தியர் கையில் இருக்கும் ஆயுதம் ஆங்கிலச் சிப்பாயின் ஆயுதத்தைவிட ஒரு படி குறைந்ததாகவே இருக்கவேண்டும் என்று கருதிய ஆட்சியின் சிந்தனை இதில் உருவம் பெற்றிருக்கிறது. கலகக்காரர் கைக்குப் போனால் தூரத்திலிருந்து சுட உதவாது, படையின் .303 தோட்டாவும் இதில் பயன்படாது.

அமெரிக்கச் சந்தைக்கு வந்த .410 மஸ்கட்டுகள் பலவற்றை, அங்கே கடையில் கிடைக்கும் .410 ஷாட்கன் தோட்டா நுழையும்படி இறக்குமதியாளர்கள் மறுபடி குடைந்துவிட்டார்கள். வாங்கியவர்களில் ஒரு சாரார் அதைக் கெடுக்கப்பட்ட லீ-என்ஃபீல்டாகப் பார்க்கிறார்கள். கெடுத்ததைச் சரிசெய்ய .303 குழல் ஒன்றைத் தேடிப் பூட்டி, புதுத் தோட்டாப் பெட்டி வாங்கி மாட்டினால் பத்துத் தோட்டா கொள்ளும் முழு ரைபிள் ஆகிவிடும். பார்வைக்கு 1916இன் பிரான்ஸ் போர்முனைத் துப்பாக்கிக்கும் அதற்கும் வேறுபாடு தெரியாது. பழைய பெட்டியைக் கழற்றும்போது உள்ளே இருக்கும் மரத்துண்டு கீழே விழும். குப்பைக்குப் போகும் அந்தத் துண்டு, இந்தியச் சிப்பாயின் கையில் எத்தனை தோட்டா இருக்கலாம் என்று ஒரு அரசு முடிவுசெய்ததற்குக் கிடைக்கும் சான்று.